‘வந்த பணம் வந்ததுதான்’ என்றால், திருப்பித் தருவது எந்தக் கணக்கில்?

ஐந்தொகை:
இணைய வணிகர்கள் கிரிப்டோவில் பணம் வாங்குவது பற்றிச் சாவிக்கொத்து நேற்று எழுதிய நெடும்பதிவைப் படித்தேன். அதில் ஒரு வரி: “பிட்காயினில் வாங்கினால் சார்ஜ்பேக் தொல்லை இல்லை, வந்த பணம் வந்ததுதான், அதற்குமேல் வணிகருக்குக் கவலையே இல்லை.” இவ்வளவு துணிச்சலாக எழுதுகிறவர், விற்ற பொருள் திரும்பி வந்த ஒரு கடையின் கணக்கை ஒரு நாளாவது எழுதியிருப்பாரா என்பது ஐயமே. அட்டையில் பணம் செலுத்தியவர் தம் வங்கியில் முறையிட்டால், பல காரணங்களுக்கு ஏறத்தாழ 120 நாள் வரைக்கும் சார்ஜ்பேக்காக அந்தப் பணம் வணிகரின் கையைவிட்டுப் போகலாம் என்பதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. நூறு டாலர் பொருளை ஒருவர் பிட்காயினில் வாங்குகிறார்; பத்து நாள் கழித்து, பழுதான பொருள் என்று நியாயமான காரணத்தோடு திருப்பி அனுப்புகிறார்; அதற்குள் பிட்காயின் விலை கால்பங்கு ஏறிவிட்டது. வணிகர் திருப்பித் தர வேண்டியது அன்று வந்த அதே அளவு பிட்காயினையா, அல்லது நூறு டாலர் மதிப்பையா? அந்தப் பதிவில் இதற்கு ஒரு சொல்கூட இல்லை.

சாவிக்கொத்து:
ஐந்தொகை அவர்கள் வழக்கம்போலப் பதிவின் தலைப்பை விட்டுவிட்டு ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார். நான் எழுதியது சார்ஜ்பேக்கைப் பற்றி. அவர் கேட்பது ரீஃபண்டைப் பற்றி. முன்னது வணிகரைக் கேட்காமலேயே அவர் பணத்தை எடுத்துக்கொள்வது, பின்னது வணிகர் தாமே மனமுவந்து கொடுப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டு என்னைக் கணக்குத் தெரியாதவன் என்கிறார். பொருளைப் பெற்றுக்கொண்டு “வரவே இல்லை” என்று வங்கியிடம் புளுகுகிறவர்களால் மென்பொருள் உரிமங்களையும் விளையாட்டுக் குறியீடுகளையும் விற்பவர்கள் படும் பாட்டை அவர் அறியார். 2008-இல் வெளிவந்து பிட்காயினை அறிமுகப்படுத்திய ஆவணத்தின் முன்னுரையே இதைத்தான் பேசுகிறது: இடையில் ஒரு நிதி நிறுவனம் இருக்கும்வரை பணத்தை மீட்டெடுக்கும் வாய்ப்பும் இருக்கும், அதனால் வணிகர் தம் வாடிக்கையாளரையே சந்தேகிக்க நேரும். ரீஃபண்டுக்கு விதிமுறைப் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதிவிட்டால் முடிந்தது.

ஐந்தொகை:
அந்த ஒரே ஒரு வாக்கியம் எது என்பதைத்தான் கேட்கிறேன். அதே அளவு பிட்காயினா, நூறு டாலர் மதிப்பா? ஆவணத்தின் முன்னுரையை எடுத்துக்காட்டியவர் அதே முன்னுரையின் அடுத்த பத்தியையும் படித்திருக்கலாம். விற்பவரை ஏமாற்றிலிருந்து காப்பதைச் சொன்ன கையோடு, வாங்குபவரைக் காக்க மூன்றாம் நபரிடம் பணத்தை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை எளிதாகச் செய்துகொள்ளலாம் என்றும் அதில் எழுதியிருக்கிறது. வாங்குபவருக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும் என்பது அதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது, உங்களுக்குத்தான் தெரியவில்லை.

கல்லாப்பெட்டி:
இதில் இவ்வளவு சிக்கல் எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. நான் எழுத்துருக்களும் வடிவமைப்புக் கோப்புகளும் விற்கிறேன். யாராவது பொருள் வேண்டாமென்றால், எவ்வளவு பிட்காயின் வந்ததோ அதையே திருப்பி அனுப்பிவிடுவேன். அவர் காசு அவருக்கு. இதற்கு ஐந்தொகையும் வேண்டாம், பேரேடும் வேண்டாம்.

ஐந்தொகை:
கல்லாப்பெட்டியின் நேர்மையை மெச்சுகிறேன். ஆனால் அவர் தம் வாடிக்கையாளருக்கு என்ன சலுகையை இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்கே தெரியவில்லை. பிட்காயின் விலை ஏறினால் வாடிக்கையாளர் பொருளைத் திருப்பித் தந்து, நூறு டாலருக்கு மேலான மதிப்பைப் பெற்றுக்கொள்வார். இறங்கினால் பேசாமல் பொருளை வைத்துக்கொள்வார். திருப்பித் தரும் காலக்கெடு முப்பது நாள் என்றால், முப்பது நாள் விலையேற்றத்தின் ஆதாயம் முழுவதும் வாங்கியவருக்கு. வந்த பிட்காயினை வணிகர் அன்றே டாலராக மாற்றியிருந்தாலோ, திருப்பித் தருவதற்காகக் கைக்காசைப் போட்டு ஏறிய விலையில் மறுபடியும் வாங்க வேண்டும். 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டு, ஓராண்டில் 16,000-க்கும் கீழே வந்து, பின்பு மீண்டும் ஏறிய ஒரு நாணயத்தை வைத்துக்கொண்டு “அவர் காசு அவருக்கு” என்பது கணக்காகாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும்.

கல்லாப்பெட்டி:
என் வாடிக்கையாளர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர்.

ஐந்தொகை:
விதிமுறை எழுதுவது அப்படிப்பட்டவர்களுக்காகத்தான். நல்லவருக்கு விதிமுறையே வேண்டாம்.

சாவிக்கொத்து:
சரி, கேட்டுக்கொண்டே இருக்கிறார், சொல்லிவிடுகிறேன். பிடிசிபே சர்வர் என்ற கட்டற்ற மென்பொருள் 2017 முதல் இருக்கிறது. எவரும் தம் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ளலாம், இடைத்தரகர் இல்லை, கமிஷன் இல்லை. அதில் ஓர் இன்வாய்ஸுக்கு ரீஃபண்ட் கொடுக்கப் போனால், பணம் வந்த அன்றைய விலையிலா, இன்றைய விலையிலா, டாலர் போன்ற சாதாரணப் பணக் கணக்கிலா என்று அதுவே கேட்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஐந்தொகை உலக அதிசயமாகக் கண்டுபிடித்த சிக்கலை மென்பொருள் எழுதியவர்கள் என்றைக்கோ தீர்த்துவிட்டார்கள்.

ஐந்தொகை:
அவர்கள் அதைத் தீர்க்கவில்லை. முடிவை வணிகரிடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். மென்பொருள் “எது வேண்டும்?” என்று கேட்கிறது, நானும் அதையேதான் கேட்கிறேன், நீங்கள் மட்டும் பதில் சொல்லாமல் மென்பொருளைக் கைகாட்டுகிறீர்கள். டெஸ்லா 2021 மார்ச்சில் பிட்காயினை ஏற்கத் தொடங்கியபோது, பணத்தைத் திருப்ப நேர்ந்தால் பிட்காயினாகத் தருவதா டாலராகத் தருவதா என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமையை விதிமுறையில் வைத்துக்கொண்டது. வாங்குபவருக்கு அது எவ்வளவு பாதகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த நிறுவனம் மே மாதமே அந்த வழியை மூடிவிட்டது. அதற்குச் சொன்ன காரணம் சுற்றுச்சூழல் என்பது எனக்கும் தெரியும், யாரும் திருத்த வர வேண்டாம். ஆயினும் அவர்களாவது ஒரு வாக்கியத்தை எழுதினார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். எந்தக் கணக்காக இருந்தாலும், அதை எந்த முகவரிக்கு அனுப்புவீர்கள்? வாடிக்கையாளர் கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில் உள்ள தம் கணக்கிலிருந்து செலுத்தியிருந்தால், பணம் புறப்பட்ட முகவரி பலர் பணமும் சேர்ந்திருக்கும் எக்ஸ்சேஞ்சின் பொது வாலட். அங்கேயே திருப்பி அனுப்பினால் அது அவர் கணக்கில் சேரும் என்று எந்த உறுதியும் கிடையாது. எனவே புதிய முகவரியை அவரிடம் கேட்க வேண்டும். மின்னஞ்சலில் வந்த முகவரி அவர் அனுப்பியதுதானா, அவர் கணக்கைத் திருடியவர் அனுப்பியதா என்று உறுதி செய்வதும் வணிகரின் தலையில்தான் விழுகிறது. தவறான முகவரிக்குப் போனால், வந்த பணம் வந்தது போலவே, போன பணமும் போனதுதான். “கவலையே இல்லை” என்ற அந்தச் சொற்களைப் பதிவிலிருந்து எப்போது நீக்கப் போகிறீர்கள்?

மின்னல்வழி:
இருவரும் பழைய காலத்திலேயே நின்றுகொண்டு சண்டையிடுகிறீர்கள். பிட்காயினின் மேல் இயங்கும் லைட்னிங் வலையமைப்பில் வாங்கினால் பணம் சில நொடிகளில் வந்துவிடுகிறது, கட்டணமும் மிகச் சிறிது. திருப்பித் தர வேண்டுமென்றால் வாடிக்கையாளர் தம் வாலட்டில் ஓர் இன்வாய்ஸ் உருவாக்கித் தருவார். வணிகர் அதைச் செலுத்திவிட்டுப் போகலாம். முகவரிக் குழப்பத்துக்கு அங்கே இடமில்லை.

ஐந்தொகை:
அந்த இன்வாய்ஸில் எழுத வேண்டிய தொகை என்ன? அன்று வந்த சதோஷிகளா (பிட்காயினின் மிகச் சிறிய அலகு), இன்றைய நூறு டாலருக்கான சதோஷிகளா? வேகமாகத் திருப்பித் தருவதால் எவ்வளவு தருவது என்ற கேள்வி மறைந்துவிடாது.

கல்லாப்பெட்டி:
லைட்னிங்கை எனக்கு யாரும் பரிந்துரைக்க வேண்டாம். பணம் போய்வருவதற்கான சேனல் திறக்க வேண்டும், பிறர் நமக்கு அனுப்பும் அளவுக்கு அந்தப் பக்கத்தில் கொள்ளளவு இருக்க வேண்டும், அதை இயக்கும் கணினியான நோட் எந்நேரமும் இணைப்பில் இருக்க வேண்டும். கடை திறந்த அன்றே வாடிக்கையாளர் பணம் செலுத்த முயன்று முடியாமல் போனால், அவர் லைட்னிங்கைக் குறை சொல்ல மாட்டார், என் கடையைத்தான் சொல்வார். சாதாரண பிட்காயின் பரிமாற்றம் திரையில் தெரிந்த உடனே நான் பதிவிறக்க இணைப்பைக் கொடுத்துவிடுகிறேன். இதுவரை ஒருவரும் ஏமாற்றியதில்லை.

மின்னல்வழி:
பரிமாற்றம் பிட்காயின் பேரேட்டின் பிளாக்கில் சேர்ந்ததற்கான ஒரு கன்ஃபர்மேஷன்கூட இல்லாமல் பொருளைக் கொடுத்துவிடுகிறீர்களா? பிளாக்கில் சேராத பரிமாற்றத்தை, கூடுதல் கட்டணம் வைத்த வேறொன்றால் மாற்றி, பணத்தைத் தம் வாலட்டுக்கே திருப்பிக்கொள்ள முடியும் என்பது தெரியுமா, தெரியாதா? முன்பெல்லாம் அனுப்புபவர் அதற்கென்று குறியிட்டிருந்தால்தான் பெரும்பாலான நோட்கள் அந்த மாற்றத்தை ஏற்கும். நோட்களை இயக்கும் மென்பொருளான பிட்காயின் கோரின், 2024-இல் வந்த 28-ஆம் பதிப்பு முதல், குறி இல்லாவிட்டாலும் ஏற்பதே இயல்பான அமைப்பு. கொள்ளளவைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறவர் முதலில் இதைப் படிக்கட்டும்.

கல்லாப்பெட்டி:
ஒரு கோப்புக்காக எவரும் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள். ஆறு கன்ஃபர்மேஷனுக்காக ஒரு மணி நேரம் காத்திருங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொன்னால் அவர் அட்டை வாங்கும் கடைக்குப் போய்விடுவார். போனமுறையும் தாங்கள் இப்படித்தான் என் கடையின் வாலட் அமைப்பைப் பற்றி எல்லார் முன்னிலையிலும் இழிவாக எழுதினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

ஐந்தொகை:
அடடா, இப்போது ஒரு செய்தி தானாகவே வெளிவந்துவிட்டது. ‘வந்த பணம் வந்ததுதான்’ என்பது எந்த நொடியிலிருந்து என்பதில்கூட இவர்களுக்குள் உடன்பாடு இல்லை. சாவிக்கொத்து இதற்கு என்ன சொல்கிறார்?

சாவிக்கொத்து:
என் பதிவில் கன்ஃபர்மேஷனுக்கென்று தனிப் பத்தியே இருக்கிறது. படிக்காமல் சண்டைக்கு வருகிறவர்களுக்கு நான் பொறுப்பல்ல. விலை ஏற்ற இறக்கம்தான் உங்களை உறுத்துகிறது என்றால், டாலர் மதிப்போடு கட்டிவைத்த யூஎஸ்டிசி போன்ற ஸ்டேபிள்காயினில் வாங்குங்கள். யூஎஸ்டிசி வந்தால் ஒரு டாலர் என்றைக்கும் ஒரு டாலர். நூறு வந்தால் நூறு திருப்பித் தரலாம். கேள்வியே எழாது.

ஐந்தொகை:
“என்றைக்கும் ஒரு டாலர்” என்று சென்ற ஆண்டு வேறொரு விவாதத்திலும் இவர் எழுதினார். நான் மறுத்தபோது “அச்சமூட்டாதீர்” என்று எனக்கு அறிவுரையும் வழங்கினார். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது, யூஎஸ்டிசிக்கு ஈடாக வைத்திருந்த பணத்தில் 330 கோடி டாலர் அந்த வங்கியில் சிக்கியிருந்தது தெரியவந்து, அந்த நாணயம் 90 சென்ட்டுக்கும் கீழே இறங்கியதை அவர் வசதியாக மறந்துவிடுகிறார். அந்த வார இறுதியில் நூறு யூஎஸ்டிசி வாங்கிய வணிகர் திங்கட்கிழமை ரீஃபண்ட் கொடுக்க வேண்டியிருந்தால், கொடுக்க வேண்டியது எவ்வளவு?

சாவிக்கொத்து:
நூறு! அது சில நாள்களில் பழைய விலைக்கே வந்துவிட்டது. ஒரே ஒரு வார இறுதியை வைத்துக்கொண்டு எத்தனை ஆண்டுதான் வாழ்க்கை நடத்துவீர்கள்? 2018 ஏப்ரலில் பிட்காயினைக் கைவிட்ட, வணிகர்களுக்கு இணையத்தில் பணம் வாங்கித் தரும் ஸ்ட்ரைப் நிறுவனமே 2024-இல் யூஎஸ்டிசியோடு திரும்பி வந்தது. அவர்களைவிடவா உங்களுக்குக் கணக்குத் தெரியும்?

ஐந்தொகை:
ஸ்ட்ரைப் வழியாக வாங்கினால் இடையில் ஒரு நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பதிலுக்கு முன்புதான் “இடைத்தரகர் இல்லை, கமிஷன் இல்லை” என்று பெருமைப்பட்டீர்கள். அதிலும், பிட்காயினைப் பற்றிக் கேட்டால் யூஎஸ்டிசிக்குத் தாவுகிறீர்கள். முகவரிகளை முடக்கும் அதிகாரம் வெளியீட்டு நிறுவனத்திடமே இருக்கும் நாணயத்துக்கு ‘வந்த பணம் வந்ததுதான்’ எப்படிப் பொருந்தும் என்பதை வேறொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

நிறுவனங்களைச் சான்றுக்கு அழைத்ததால் நானும் ஒன்றை அழைக்கிறேன். வால்வ் நிறுவனம் தன் ஸ்டீம் விளையாட்டுக் கடையில் 2016-இல் பிட்காயினை ஏற்கத் தொடங்கி, 2017 டிசம்பரில் நிறுத்தியது. தொடக்கத்தில் 20 சென்ட் அளவில் இருந்த நெட்வொர்க் கட்டணம் 20 டாலரை நெருங்கியது ஒரு காரணம். மற்றது நான் சொல்லும் அதே இடம்: பணம் வந்து சேர்வதற்குள் விலை மாறிவிட்டால், ஒன்று வந்ததைத் திருப்பித் தர வேண்டும், அல்லது குறைந்த தொகையைக் கூடுதலாகக் கேட்க வேண்டும், எதைச் செய்தாலும் வாடிக்கையாளருக்கு இன்னொரு கட்டணம். இதை அந்த நிறுவனமே எழுதி அறிவித்தது. ரீஃபண்ட் வேறு, என் தலைப்பு வேறு என்று அவர்களிடமும் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

புதுக்கடை:
வணக்கம். அடுத்த மாதம் இணையத்தில் கடை தொடங்குகிறேன், அதனால் இதைத் தொடர்ந்து படித்து வருகிறேன். விலையை டாலரில் குறித்து, வந்த பிட்காயினை உடனே டாலராக மாற்றிவிட்டு, ரீஃபண்டையும் டாலர் மதிப்பிலேயே தருவதாக எழுதினால் போதுமா? எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்புகிறவர்களிடம் கட்டணம் கழிந்து குறைவாக வந்தால் என்ன செய்வது என்பதையும் யாராவது சொல்வீர்களா?

கல்லாப்பெட்டி:
அதே அளவைத் திருப்பிக் கொடுங்கள். வம்பே வராது.

மின்னல்வழி:
லைட்னிங் இன்வாய்ஸில் குறிப்பிட்ட தொகைதான் வரும், குறைவாக வராது. நான் சொல்வதை யாரும் காதில் வாங்குவதில்லை.

சாவிக்கொத்து:
புதுக்கடை அவர்களே, நீங்கள் எழுதியதையேதான் நான் தொடக்கத்திலிருந்து சொல்லி வருகிறேன். விதிமுறையில் ஒரே ஒரு வாக்கியம், அவ்வளவுதான்.

ஐந்தொகை:
தொடக்கத்திலிருந்து எந்த இடத்தில் “டாலர் மதிப்பில்” என்று சொன்னீர்கள்? வரியைக் காட்டுங்கள். “ஒரு வாக்கியம்” என்று சொன்னீர்களே தவிர, அது எந்த வாக்கியம் என்று இந்த நிமிடம் வரை சொல்லவில்லை. கேட்க வந்தவர் எழுதிக் கொடுத்ததும் அதைத் தம்முடையதாக்கிக்கொள்கிறீர்கள்.

புதுக்கடைக்கு: உடனே மாற்றுவது சரி, ஆனால் அதைத் தானாகச் செய்துதருபவர் கட்டணம் எடுப்பார், அதை விலையில் சேருங்கள். வந்த நேரத்தின் விலையை ஒவ்வோர் இன்வாய்ஸோடும் பதிந்து வையுங்கள். டாலர் மதிப்பில் திருப்பும்போது விலை ஏறியிருந்தால், “நான் கொடுத்ததைவிடக் குறைவான பிட்காயின் வந்திருக்கிறது” என்று வாங்கியவர் சண்டைக்கு வருவார். ஆகையால் அந்த விதி பணம் செலுத்தும் பக்கத்திலேயே கண்ணில் படும்படி இருக்க வேண்டும். குறைவாக வருவதற்கு, எவ்வளவு குறைவு வரை பொறுப்பீர்கள் என்று ஒரு வரம்பை முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். இன்வாய்ஸில் குறித்த விலை செல்லுபடியாகும் பதினைந்து நிமிடம் கழிந்து வந்த பணத்தை எந்த விலையில் ஏற்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இவ்வளவுக்கும் பெயர் “கவலையே இல்லை”.

சாவிக்கொத்து:
சார்ஜ்பேக் இருக்கிறதா, இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஐந்தொகை:
அதே அளவு பிட்காயினா, நூறு டாலர் மதிப்பா? நான் முதலில் கேட்டேன்.

சாவிக்கொத்து:
இல்லை என்பதை ஒப்புக்கொள்ள அவருக்கு நா எழவில்லை, படிப்பவர்கள் குறித்துக்கொள்ளட்டும். பதிவின் இரண்டாம் பகுதி நாளை வரும். அந்த வரி அதிலும் இருக்கும்.

ஐந்தொகை:
வரட்டும்; நானும் இங்கேதான் இருப்பேன்.