வட்டுக் கட்டுப்படுத்தியா, வட்டு ஏற்பியா? – சொல் வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வீட்டுக் கணினிக்கு வட்டுகளை இணைக்கும் அட்டையைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்குத் தர வேண்டியிருக்கிறது. அந்த அட்டைக்கு 'வட்டுக் கட்டுப்படுத்தி' (டிஸ்க் கண்ட்ரோலர்) என்னும் சொல் வழக்கில் இருந்தாலும் அதை அப்படியே எடுத்தாள எனக்கு மனம் ஒப்பவில்லை. 1980-இல் வந்த எஸ்டி-506 வன்வட்டில், படிக்கும் முனை எந்தத் தடத்துக்கு நகர வேண்டும் என்று ஆணையிடுவதும், அங்கிருந்து வரும் குறிகையைத் தரவாகப் பிரிப்பதும் தனி அட்டையின் வேலையாக இருந்தன. ஆகவே அன்று அந்தப் பெயர் பொருந்தியது. ஐடிஇ என்னும் இணைப்பு முறை வந்தபின் அந்த மின்சுற்று முழுவதும் வட்டுக்கே குடிபெயர்ந்துவிட்டது. இன்றைய சாட்டா இணைப்புள்ள வன்வட்டைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் திருகப்பட்டிருக்கும் சிறு பலகையே உண்மையான கட்டுப்படுத்தி. நாம் தாய்ப்பலகையில் செருகும் அட்டையோ தாய்ப்பலகையில் தரவு செல்லும் வழியான பிசிஐ எக்ஸ்பிரஸ் பாட்டைக்கும் (பஸ்) வட்டுக்கும் இடையே நின்று பேச்சை மாற்றித் தருகிறது, அவ்வளவே.

எனவே 'வட்டு ஏற்பி' என்று முன்மொழிகிறேன். எஸ்ஏஎஸ் (வழங்கிக் கணினிகளில் பயன்படும் வட்டு இணைப்பு முறை) ஏற்பி சாட்டா வட்டையும் ஏற்கும், சாட்டா ஏற்பி எஸ்ஏஎஸ் வட்டை ஏற்காது என்று எழுதும்போது சொல்லே பொருளை விளக்கிவிடுகிறது. பல வட்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் ரெய்டு அட்டைக்கு 'வட்டணி அட்டை' எனலாம். இந்த வேறுபாடு வாங்குபவருக்கு இன்றியமையாதது. இசட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமை ஒவ்வொரு வட்டையும் நேரே காண விரும்புகிறது. இடையில் வட்டணி அட்டை நின்றால் வட்டின் பிழைகள் அதற்குத் தெரியாமலே போகலாம்.

---

ஐயா, 'ஏற்பி' என்றால் மின்செருகியில் மாட்டும் அடாப்டரையே மாணவர் நினைப்பர். 'வட்டணி'யும் ஆடற்கலையின் 'வட்டணை'யோடு மயங்கும். அதைவிடப் பெரிய இடர் ஒன்று உண்டு. எல்எஸ்ஐ நிறுவனத்தின் 9211-8i அட்டையில், வட்டுகளை அப்படியே காட்டும் ஐடி நிலைபொருளை (ஃபர்ம்வேர், அட்டைக்குள் இருக்கும் மென்பொருள்) ஏற்றினால் அது நீங்கள் சொல்லும் ஏற்பி. ரெய்டு வசதியுள்ள ஐஆர் நிலைபொருளை ஏற்றினால் அதே அட்டை எளிய வட்டணி அட்டை. வன்பொருள் ஒன்றாக இருக்கப் பெயர் மட்டும் இரண்டாக இருப்பது எவ்வாறு பொருந்தும்?

'வட்டு' என்பதையே நீக்க வேண்டும், நினைவகச் சில்லுகளால் ஆன எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு ஏது என்று முன்னர் ஒருவர் கேட்டிருந்தார். 'அரங்கின்றி வட்டாடி' என்ற குறளுக்குப் பரிமேலழகர் 'உண்டையுருட்டல்' என்றே பொருள் காண்கிறார். வட்டு என்றால் தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்ற வரையறை அன்றே இல்லையாதலால், அச்சொல் எஸ்எஸ்டியையும் தாங்கும்.

---

எனக்கு 'தடம்' பற்றியே கவலை. பிசிஐ எக்ஸ்பிரஸின் இரண்டாம் தலைமுறையில் ஒரு தடம் (லேன்) நொடிக்கு ஏறத்தாழ 500 மெகாபைட்டுதான் கடத்தும். நொடிக்கு 200 மெகாபைட்டு தரும் நான்கு வன்வட்டுகளை ஒற்றைத் தட அட்டையில் பூட்டினால், நான்கும் ஒருசேர உழைக்கையில் நெரிசல் உறுதி. பாடத்தில் மிகவும் பயன்படக்கூடிய அறிவுரை இதுவே. ஆனால் வன்வட்டின் பரப்பில் உள்ளதையும் தடம் என்கிறோம், பாட்டையில் உள்ளதையும் தடம் என்கிறோம். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் படிப்பவர் தடுமாறுவார். ஈழ வழக்கில் உள்ள 'ஒழுங்கை'யைப் பாட்டையில் உள்ள தடத்துக்குக் கொள்ளலாமே? பாட்டை பெருவழி, ஒழுங்கை சிறுவழி, உறவும் பொருந்துகிறது.

---

அனைவருக்கும் நன்றி. நிலைபொருள் மாறினால் அட்டையின் தொழில் மாறுகிறது, தொழிலுக்கேற்பப் பெயரும் மாறுவதில் தவறில்லை என்பதே என் மறுமொழி. எனினும் பெரும்பாலோர் 'வட்டு இணைப்பு அட்டை' எளிது என்று கருதுவதால் பாடத்தில் அதையே இடுகிறேன். ரெய்டு என்பதை ஒலிபெயர்த்தே எழுதுகிறேன். 'ஒழுங்கை'யை முதலிடத்தில் 'பாட்டையின் ஒழுங்கை' என்று விரித்து எழுதிப் பின்னர் தனியே ஆள்வேன். 'கட்டுப்படுத்தி'யை வட்டின் அடிப்பலகைக்கு மட்டுமே ஒதுக்கியிருக்கிறேன். அதை அட்டைக்குத் திருப்பித் தரும் திருத்தம் வந்தால் ஏற்க மாட்டேன்.

---

பெட்டியின் மேல் 'கண்ட்ரோலர்' என்றே அச்சிட்டிருக்கிறார்கள். அட்டையை வாங்கப் போகிறவர் அந்தச் சொல்லைத்தான் தேடுவார். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.