எம்எல்ஏ கொழுப்பை எந்தப் பக்கம் தூக்குது?

மஞ்சக்குப்பம்_மணி: நேத்து இங்க ஒருத்தர் எழுதியிருக்கார்: "எம்எல்ஏ அமைப்புதான் உள்ளேயிருந்து பாஸ்போலிப்பிடைத் தூக்கி ஈ.கோலையோட வெளிச்சவ்வைக் கட்டுது." எம்எல்ஏங்கறது ஈ.கோலை மாதிரி பாக்டீரியாவோட உள்சவ்வுக்கும் வெளிச்சவ்வுக்கும் நடுவுல கொழுப்பைக் கடத்துற புரதக் கூட்டம்; பாஸ்போலிப்பிட் அந்தக் கொழுப்பு. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. திசையே தலைகீழ்! வெளிச்சவ்வோட வெளி அடுக்கு எல்பிஎஸ்ஸுக்கு, அதாவது சர்க்கரை கோத்த கொழுப்புக்கு, உண்டான இடம். அங்க வந்து ஒட்டிக்கிட்ட பாஸ்போலிப்பிடை அந்தக் கூட்டத்துல எம்எல்ஏ-ஏங்கற புரதம் எடுத்து எம்எல்ஏ-சிங்கற புரதத்தோட கையில குடுக்க, அது உள்சவ்வுக்குத் திரும்புது. வெளியிலிருந்து உள்ளே. 2009-லயே மாலின்வெர்னி, சில்ஹவின்னு ரெண்டு ஆய்வாளர்கள் சொல்லியாச்சு.

லாஸ்பேட்டை_லேப்: "ஒருத்தர்" நான்தான் சார், பேர் சொல்லியே திட்டலாம். அசினெட்டோபேக்டர்ங்கற இன்னொரு பாக்டீரியாவுல உள்ளேயிருந்து வெளியேன்னு பேப்பர் வந்துச்சே, அது கண்ணுல படலையா?

மஞ்சக்குப்பம்_மணி: பட்டுச்சு. 2020-ல அதை மறுத்து வந்ததும் பட்டுச்சு. முதல் பேப்பர்ல எடுத்த பாக்டீரியா வகையில வேற மரபணுவும் மாறிக் கிடந்துச்சாம். உங்களுக்குப் பாதி பேப்பர்தான் எப்பவும் கிடைக்கும் போல.

சில்வர்பீச்_கண்ணன்: எம்எல்ஏ எந்தப் பக்கம் போவார்னு புதுச்சேரிக்காரங்களைக் கேக்கலாமா? 2021-ல ஆட்சியே கவுந்துச்சு.

லாஸ்பேட்டை_லேப்: கடலூர்க்காரங்க பாண்டியைப் பேச வேணாம். வாரக் கடைசியானா எங்க வர்றீங்கன்னு ஊருக்கே தெரியும்.

முத்தியால்பேட்டை_மீனா: சமநிலைக்கு எம்எல்ஏ மட்டுமா காரணம்? வெளி அடுக்குல பாஸ்போலிப்பிட் சேர்ந்தா பிஎல்டி-ஏங்கற நொதி அதை வெட்டுது. வெட்டி வர்ற கொழுப்பு அமிலம் உள்ள போனதும், எல்பிஎஸ் செய்யற எல்பிஎக்ஸ்-சி நொதி சிதையாம நிக்குது, எல்பிஎஸ் கூடுது. ரொம்பக் கூடினாலும் செல்லுக்கு ஆபத்து, அப்ப எஃப்டிஎஸ்-எச்ங்கற புரதம் வெட்டுற நொதி அதே எல்பிஎக்ஸ்-சியை அழிச்சிடும். அதைப் பேசுங்களேன்.

மஞ்சக்குப்பம்_மணி: அக்கா, அதெல்லாம் சரி. திசை?

லாஸ்பேட்டை_லேப்: சோதனைக் குழாய்ல வெச்சுப் பார்த்தப்ப உள்சவ்வுல இருக்கிற எம்எல்ஏ-டி கிட்டேருந்து எம்எல்ஏ-சிக்குத்தான் கொழுப்பு போச்சு. 2019 பேப்பர். அது எந்தப் பக்கமாம்?

மஞ்சக்குப்பம்_மணி: குழாய் வேற, செல் வேற. வெளியே கொண்டுபோறது டாம்-பி, ஒய்எச்டி-பி, ஒய்டிபி-எச்னு வேற மூணு புரதம். ஈ.கோலையில மூணையும் எடுத்தா செத்துடும். எம்எல்ஏவை எடுத்தா சாகாது. அப்ப கட்டுறவன் யாரு? கோழித்தீவனத்துல கொலிஸ்டின்ங்கற ஆன்டிபயாட்டிக்குக்கு 2019-லயே தடைன்னு நான் சொன்னப்பவும் இப்படித்தான் மல்லுக்கு நின்னீங்க.

லாஸ்பேட்டை_லேப்: அதை இன்னும் மறக்கலையா! அரசாணை கேட்டேன், நீங்க குடுத்தது வாட்சப் பார்வர்டு.

மஞ்சக்குப்பம்_மணி: தடை உண்மையா இல்லையா?

சில்வர்பீச்_கண்ணன்: மீனா அக்கா, எல்பிஎஸ்ஸுலதானே கொலிஸ்டின் ஒட்டும்?

முத்தியால்பேட்டை_மீனா: ஆமா, அதோட லிப்பிட்-ஏங்கற கொழுப்புப் பகுதியில. நல்லவேளை, ஒருத்தராவது நான் எழுதினதைப் படிச்சிருக்கீங்க.

லாஸ்பேட்டை_லேப்: நாளைக்குப் படத்தோட வர்றேன்.

மஞ்சக்குப்பம்_மணி: வாங்க. அம்புக்குறியை மட்டும் திருப்பி வரைஞ்சிடாதீங்க. வெளியிலிருந்து உள்ளே.