ஆறாம் வகுப்புக்கு ஆர்.சி. நடுநிலைப் பள்ளியில் சேர்க்கலாமா?

உடன்குடிக்காரன்:
வணக்கம். திருப்பூர்ல பனியன் கம்பெனி வேலையை விட்டுட்டுக் குடும்பத்தோட ஊருக்கே வந்தாச்சு. மகள் அஞ்சாவது வரைக்கும் அங்கே மெட்ரிக் பள்ளியில் படிச்சா. இங்கே பக்கத்துக் கடற்கரை ஊர்ல ஆர்.சி. நடுநிலைப் பள்ளி இருக்கு, எட்டாவது வரைக்கும். "வாத்தியார்மாரெல்லாம் நல்லாப் பாத்துக்கிடுவாங்க"ன்னு கேட்ட இடத்திலெல்லாம் சொல்றாங்க. என்னத்தப் பாத்துக்கிடுவாங்கன்னு கேட்டா பதில் இல்ல. நாங்க இந்துக்கள். பிள்ளையைக் கிறிஸ்தவ வேதம் படிக்க வச்சிருவாங்களோன்னு எங்கம்மாவுக்குக் கவலை, எனக்கு இங்கிலீஷ் கவலை. அந்த மாதிரிப் பள்ளியில் படிச்சவங்க, வேலை பாத்தவங்க சொல்லுங்க.

கணக்கு டீச்சர்:
தம்பி, அதே கரையில் ஒரு ஆர்.சி. பள்ளியில் 29 வருஷம் கணக்கு எடுத்து ரிட்டயர்டு ஆனவ நான்.

முதல்ல அம்மாவோட கவலை. கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும்போது மத்தப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு. அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாம எந்தப் பிள்ளையையும் மதபோதனையில் உட்கார வைக்க முடியாது, அரசியலமைப்பு 28-ஆவது பிரிவு. காலையில் ஜெபம் இருக்கும். அம்மன் கோயில் தெருப் பிள்ளைங்க பேசாம நிக்கும். சிலது நம்மளவிடச் சத்தமாப் பாடும், அது வேற விஷயம்.

அடுத்து வாத்தியார்மார். எங்களுக்குச் சம்பளம் அரசாங்கம். கட்டடம், பெஞ்சு, கக்கூஸ் எல்லாம் நிர்வாகத்தோட பொறுப்பு, அதாவது பங்குச்சாமியாரும் ஊரும். ஆகஸ்ட் 1 அன்னைக்கு இருக்கிற தலைக்கணக்கை வச்சுத்தான் எத்தனை ஆசிரியர் பணியிடம்னு முடிவாகும். அதனால மே மாச வெயில்ல வீடு வீடாப் பிள்ளை கேட்டு ஏறி இறங்குவோம். அர்ப்பணிப்புன்னு ஊர் சொல்லும். பாதி, போஸ்ட் போயிருமோங்கிற பயம், ஒளிக்க என்ன இருக்கு. ஆனா அப்படிப் போய்ப் போய்த்தான் எந்த வீட்ல கரண்ட் இல்ல, எந்த வீட்ல அப்பன் குடிக்கான்னு எங்களுக்குத் தெரியும்.

எட்டாவதுப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ்.னு ஒரு உதவித்தொகைப் பரீட்சை உண்டு. ஒரு வருஷம் அதுக்கு மூணு வாரம்தான் இருக்கு, எட்டாவதுப் பையன் ஒருத்தனை நாலு நாளாக் காணோம். கரைக்குப் போனேன். ஆச்சியோட உட்கார்ந்து வலையில சாளை கழிச்சிட்டிருந்தான். "இன்னும் பாதி வலை கிடக்கு டீச்சர், முடிச்சிட்டு அனுப்புதேன்"னா ஆச்சி. முடிய மத்தியானம் ஆகும். சேலையைச் சொருகிட்டு நானும் உட்கார்ந்தேன். நான் ரெண்டு மீன் எடுக்கதுக்குள்ள அவன் பத்து எடுக்கான். என் கண்ணாடி பூரா செதில். பக்கத்து வள்ளத்துப் பொம்பளைங்க மூணு பேர் சிரிச்சிக்கிட்டே வந்து, "நீங்க எந்திரிங்க டீச்சர், வலையைக் கிழிச்சிருவீங்க"ன்னு அவங்க உட்கார்ந்தாங்க. பத்து மணிக்கு வேலை முடிஞ்சிது. அன்னையில இருந்து பரீட்சை வரைக்கும் அந்தத் தெரு அன்பியத்துக்காரங்களே, அதாவது கோயிலைச் சேர்ந்த தெருக் குடும்பங்களோட குழுவே, சாயங்கால வகுப்புக்குப் பிள்ளைகளை விரட்டி விட்டாங்க, முறை வச்சுச் சுண்டலும் வந்துது. பையன் பாஸ். ஒன்பதுல இருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. ஆச்சி எனக்கு ஒரு பனையோலைப் பெட்டி நிறையக் கருவாடு கொண்டாந்தா.

வலைக்காரர் மகன்:
டீச்சர் சொல்றது எல்லாம் சரிதான். நானும் அப்படி ஒரு பள்ளியில் படிச்சவன்தான், மத்த பக்கத்தையும் சொல்றேன். நான் ஏழாவது படிக்கும்போது இங்கிலீஷ் சார் ரிட்டயர்டு ஆனார். ரெண்டு வருஷம் அந்த இடத்துக்கு ஆள் போடல. நிர்வாகம் ஒரு மிஸ்ஸைப் போட்டுது, பங்குக் கோயில் பணத்துல சின்னச் சம்பளம். நல்லாத்தான் நடத்துனாங்க, வேற இடத்துல வேலை கிடைச்சதும் போயிட்டாங்க, அவங்களைக் குறை சொல்ல முடியுமா? ஒன்பதாவதுக்கு டவுன் பள்ளிக்குப் போய், இங்கிலீஷ் பீரியட்ல ஒரு வருஷம் தலையைக் குனிஞ்சே உட்கார்ந்திருந்தேன். அதனால எத்தனை போஸ்ட் காலின்னு நேராக் கேளுங்க. இன்னொண்ணு: மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, ஆறுல இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படிச்சவங்களுக்கு. உதவி பெறும் பள்ளிக்கு இதுல இடம் இல்ல. டாக்டர் கனவு இருந்தா இப்பவே யோசிச்சிக்கோங்க.

அக்கவுண்டன்ட் அக்கா:
பொம்பளப் பிள்ளைன்னா இதையும் கணக்குல வச்சுக்கோங்க. புதுமைப் பெண் திட்டம் முதல்ல அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்துது. 2024 டிசம்பர்ல இருந்து உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறவங்களுக்கும் உண்டு, காலேஜ் போனா மாசம் 1,000. இங்கிலீஷ் மீடியம் செக்‌ஷன்ல போட்டா கிடையாது.

உடன்குடிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. இன்னைக்குச் சாயங்காலம் போய்ப் பாத்தேன். காலி போஸ்ட் எத்தனைன்னு கேட்டேன், ஒண்ணு, அறிவியல். இங்கிலீஷுக்கு ஆள் இருக்காங்க. நான் நிக்கும்போதே ஒரு சார் ஸ்டூல்ல ஏறி ஓடு மாத்திக்கிட்டிருந்தார், கீழே ரெண்டு மீன்காரங்க ஸ்டூலைப் பிடிச்சிக்கிட்டு அவரைத் திட்டிக்கிட்டிருந்தாங்க. மகளுக்கு அந்த இடம் பிடிச்சுப் போச்சு, வேப்பமரத்துல ஊஞ்சல் இருக்காம். டீச்சர், சேர்க்கைக்கு என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

கணக்கு டீச்சர்:
டி.சி., ஆதார், பழைய பள்ளியில் எமிஸ் நம்பர் (கல்வித்துறை ஒவ்வொரு பிள்ளைக்கும் கொடுக்கிற அடையாள எண்) கேட்டு வாங்கிக்கோங்க, அது இல்லாம இழுத்தடிக்கும். காலை உணவு அஞ்சாவது வரைக்கும்தான், பிள்ளைக்கு ரெண்டு இட்லி கொடுத்து அனுப்புங்க. மதியச் சாப்பாடு உண்டு. பதினோரு மணிக்குள்ள போயிருங்க தம்பி, அதுக்கப்புறம் தலைமையாசிரியை சத்துணவுக் கூடத்துல முட்டை எண்ணிக்கிட்டிருப்பாங்க.