பலாப் பலகையை நெடுக்க அறுத்தால் வட்ட ரம்பம் கவ்வித் திருப்பி எறிகிறது, எதைச் சரிபார்ப்பது?

கேள்வி: முதுநகர் பட்டறை, கடலூர்

வணக்கம். எங்களுடையது ஆங்கிள் அடித்து உள்ளூரிலேயே செய்த வட்ட ரம்ப மேசை. 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், 2880 ஆர்.பி.எம். மோட்டாரில் 4 அங்குல புல்லி, ரம்பத் தண்டில் 3 அங்குல புல்லி. பிளேடு 10 அங்குலம், 60 பல், கார்பைடு முனை. பண்ருட்டியிலிருந்து வந்த ஒன்றரை அங்குலப் பலாப் பலகையை நெடுக்க அறுக்கும்போது இரண்டடி போனதும் பிளேடு கவ்விக்கொள்கிறது, வெட்டு விளிம்பு கருகுகிறது. நேற்று ஒரு பலகை அப்படியே கிளம்பிப் பின்சுவரில் மோதியது. யாருக்கும் அடி இல்லை. பிளேடு இப்போதுதான் சாணை பிடித்தது. மோட்டாரை 3 எச்.பி. ஆக்கினால் சரியாகுமா? இன்னொன்று, மழை நாளில் மேசையைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

பதில்: நெல்லிக்குப்பம் மரவேலை

3 எச்.பி. வேண்டாம் தம்பி. பலகை கவ்வுகிற காரணம் அப்படியே இருக்கும், எறிகிற பலம் மட்டும் கூடும். உங்கள் புல்லி கணக்குப்படி தண்டு நிமிடத்துக்குச் சுமார் 3800 சுற்று. 10 அங்குல பிளேடில் பல்லின் வேகம் மணிக்கு 180 கிலோமீட்டருக்கு மேல். முன்பக்கப் பல் மரத்தைக் கீழே அழுத்தி அறுக்கிறது. பின்பக்கப் பல்லோ கீழிருந்து மேலே ஏறுகிறது. அறுத்த பிளவு மூடி அந்தப் பின்பல்லைப் பிடித்துவிட்டால், பல் பலகையைத் தூக்கி உங்கள் வயிற்றுக்கு நேரே எறியும். ஆகவே பார்க்க வேண்டியது பிளேடுக்குப் பின்பக்கத்தை.

கை ரம்பத்தில் நெடுக்க அறுக்கும்போது பிளவு மூடாமல் இருக்கப் பின்னால் ஆப்பு வைப்போம் இல்லையா, மெஷினில் அந்த வேலையைச் செய்வது ரிவிங் நைஃப் என்கிற தகடு. உள்ளூரில் செய்த மேசைகளில் பெரும்பாலும் அது இருக்காது. உங்களுடையதில் இருக்கிறதா?

முதுநகர் பட்டறை: இல்லை அண்ணே. பிளேடுக்கு மேல் மூடியும் இல்லை. லேத்தில் கொடுத்துச் செய்ய முடியுமா?

நெல்லிக்குப்பம் மரவேலை

தாராளமாகச் செய்யலாம். அளவுதான் முக்கியம். வெர்னியர் என்கிற நுண்ணளவுக் கருவியில் இரண்டு இடம் பாருங்கள்: பல்லின் அகலம், பிளேடுத் தகட்டின் கனம். பல் 3 மி.மீ., தகடு 2 மி.மீ. என்றால் நைஃப் 2.5 மி.மீ. பல் அகலத்தை விடக் கூடினால் மரம் அதில் முட்டி நிற்கும். தகட்டுக் கனத்தை விடக் குறைந்தால் பிளவு மூடுவதைத் தடுக்காது. ஸ்பிரிங் ஸ்டீல் தகடு வாங்குங்கள். பழைய கை ரம்பத் தகடு மெலிசு, வளைந்துவிடும்.

பிளேடின் வளைவுக்கு ஒத்த வளைவாக வெட்டி, பல்லிலிருந்து 3 முதல் 8 மி.மீ. இடைவெளியில் நிற்க வையுங்கள். உச்சி, மேல்பல்லை விட 2 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். மாட்டும் பிராக்கெட்டை ரம்பத் தண்டு உட்கார்ந்திருக்கும் சட்டத்தில் போல்ட் போடுங்கள், மேல் தகட்டில் போடாதீர்கள். அப்போதுதான் வெட்டு ஆழத்தை மாற்றினாலும் இடைவெளி மாறாது. கடைசியாக நேர்கட்டையைப் பிளேடின் இரண்டு பக்கமும் ஒட்டிப் பாருங்கள், நைஃப் எந்தப் பக்கமும் பல்லுக்கு வெளியே நீட்டக் கூடாது.

அடுத்து பென்ஸ், அதாவது பலகையை ஒட்டித் தள்ளுகிற பக்கச் சட்டம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு பல்லில் மார்க்கர் வையுங்கள். அந்தப் பல்லை முன்னால் கொண்டுவந்து பென்ஸுக்கு உள்ள தூரத்தை அளந்து, அதே பல்லைக் கையால் பின்னால் சுற்றி மறுபடி அளக்க வேண்டும். பின்பக்கம் குறுகினால் அதுதான் கருகலுக்கும் கவ்வலுக்கும் காரணம். இரண்டும் சமம், அல்லது பின்னால் ஒரு நூலிழை கூடுதல் இருக்கலாம். வேறு வேறு பல்லில் அளந்தால் பிளேடின் சின்னக் கோணல் கணக்கில் சேர்ந்து ஏமாற்றும்.

60 பல் பிளேடு குறுக்கு வெட்டுக்கும் பிளைவுட்டுக்கும்தான். நெடுக்க அறுக்கும்போது தூள் நாராக நீளமாக வரும். 60 பல்லில் பல்லுக்கிடையே பள்ளம் சின்னது, தூள் அடைத்துப் பிளேடு சூடேறும். சூடான தகடு நெளிந்து பக்கத்தில் உரசும். நெடுக்க அறுப்பதற்கென்றே வரும் 24 பல் ரிப் பிளேடு வாங்குங்கள். மேலே பொறித்திருக்கும் அதிகபட்ச ஆர்.பி.எம். உங்கள் 3800-ஐ விடக் கூடுதலாக இருக்க வேண்டும். பழைய பிளேடில் பிசின் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். காஸ்டிக் சோடா வேண்டாம், கார்பைடு முனைக்குக் கேடு வரலாம்.

பதில்: தட்டாஞ்சாவடி ஜாயினரி, புதுச்சேரி

மரத்தையும் பாருங்கள். சரியாகக் காயாத பலா அறுக்கும்போதே உள்ளிறுக்கம் விட்டுக் கோணும். பென்ஸ் நூல் பிடித்த மாதிரி இருந்தாலும் பிளவு மூடும். ஈரமானி 18 சதவீதத்துக்கு மேல் காட்டினால் அறுக்க வேண்டாம். முக்கால் அங்குல ரீப்பரை (மெல்லிய மரச்சட்டம்) இரண்டடிக்கு ஒன்றாக இடையில் வைத்து நிழலில் அடுக்குங்கள். நம் கடலோரக் காற்றில் 12-க்குக் கீழே இறங்குவது அபூர்வம், அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

முறுக்கிய பலகையை இழைத்து ஒரு முகமும் ஒரு விளிம்பும் நேராக்காமல் மேசையில் ஏற்றாதீர்கள். பென்ஸில் 18 மி.மீ. பிளைவுட் ஒன்றைக் கூடுதலாகப் பிடிப்பித்து, அது பிளேடின் நடுவோடு முடியும்படி வையுங்கள். பலகை கோணினாலும் ஒதுங்க இடம் இருக்கும். பிளைவுட் ஷீட் அறுக்கும்போது இந்தக் குட்டைப் பென்ஸ் வேண்டாம், முழு நீளம் வேண்டும்.

பல் மரத்துக்கு மேல் 5, 6 மி.மீ. தெரிந்தால் போதும். பென்ஸ் வலப்பக்கம் என்றால் நிற்பது பிளேடுக்கு இடப்பக்கம், ஒருபோதும் நேர் பின்னால் இல்லை. மறுபக்கம் உதவிக்கு நிற்பவர் பலகையைத் தாங்கட்டும், இழுக்கக் கூடாது. கையுறை, தோளில் துண்டு, தொங்கும் சட்டைக்கை, வேட்டி எதுவும் மெஷின் பக்கம் வேண்டாம். கண்ணாடி, காதடைப்பு, என்95 மாஸ்க் மூன்றும் கட்டாயம். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது.

புதுச்சேரியில் பழைய வீடு இடித்த தேக்கு வாங்குபவர்கள் கவனிக்க: காந்தம் பித்தளை, செம்பு ஆணியைக் காட்டாது. கையில் பிடிக்கும் மெட்டல் டிடெக்டரால் இரண்டு முகமும் பார்த்துவிட்டு அறுங்கள்.

பதில்: மஞ்சக்குப்பம் எலக்ட்ரிக்கல்ஸ்

சுர்ரென்பது சின்ன விஷயம் இல்லை. அதைச் சரிசெய்யும்வரை மெஷினை ஓட்டாதீர்கள். மோட்டாரில் கசிவு இருக்கிறது, எர்த்தும் அறுந்திருக்கிறது. எர்த் சரியாக இருந்தால் கசிவு அதன் வழியே இறங்கிவிடும், கைக்குத் தெரியாது. கடலூரில் உப்புக் காற்றால் எர்த் லக் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) பச்சை பூத்து, போல்ட் இறுக்கமாக இருந்தும் தொடர்பு விட்டுப்போகும். மோட்டார் பெட்டி, மேசைச் சட்டம், சாக்கெட், எர்த் குழி நான்கையும் கழற்றிச் சுரண்டி, புது லக் போட்டு இறுக்குங்கள். நியூட்ரலை எடுத்துப் பாடியில் கட்டும் வழக்கம் உயிருக்கு ஆபத்து.

மோட்டாரை 500 வோல்ட் மெக்கரில் (காப்பு எதிர்ப்பை அளக்கும் கருவி) பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே என்றால் காயவைத்து வார்னிஷ் போட வேண்டும். லைனில், கசிவு வந்ததும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். வயர் 2.5 ஸ்கொயர் எம்.எம். மெலிந்த எக்ஸ்டென்ஷன் வயரில் ஓட்டினால் வோல்டேஜ் இறங்கி, சுற்று குறைந்து, மோட்டார் சூடாகும்.

சாதா சுவிட்சில் ஓட்டுகிறீர்களா? கரண்ட் போய்த் திரும்பினால் பிளேடு தானாகச் சுற்றும். போர் மோட்டாருக்கு வைக்கும் பச்சை, சிவப்புப் பொத்தான் ஸ்டார்ட்டர் வையுங்கள். கரண்ட் போனதும் அதன் உள்ளிருக்கும் மின்காந்தச் சுருள் (காயில்) பிடியை விட்டுவிடும், பச்சையை மறுபடி அழுத்தினால்தான் ஓடும். அதிக கரண்ட் இழுத்தால் மோட்டாரை நிறுத்தும் ரிலேயை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள்.

முதுநகர் பட்டறை: சாதா சுவிட்ச்தான் சார், மாற்றிவிடுகிறோம். ஒரு அங்குல ரீப்பர் அறுக்கும்போது கை பிளேடுக்குப் பக்கத்தில் போகிறது. அதற்கு?

தட்டாஞ்சாவடி ஜாயினரி

ஆறு அங்குலத்துக்குள் கை போகக் கூடாது. 12 மி.மீ. பிளைவுட்டில் ஒரு அடி நீளத்துக்கு, பலகையின் பின்விளிம்பைப் பிடிக்கப் பின்னால் ஒரு படி (குதிகால்) விட்ட தள்ளுகட்டை ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். அது பலகையைத் தள்ளவும் வேண்டும், மேலிருந்து அழுத்தவும் வேண்டும். பிளேடுக்கும் பென்ஸுக்கும் நடுவில் இருக்கும் துண்டைத்தான் தள்ள வேண்டும், ரிவிங் நைஃப்பைத் தாண்டும்வரை விடாமல். நடுவில் விட்டால் அதுவே பறக்கும். ஒரு அடிக்குக் குறைந்த துண்டை இந்த மெஷினில் நெடுக்க அறுக்காதீர்கள், கை ரம்பம் போதும்.

நெல்லிக்குப்பம் மரவேலை

இதையும் பட்டறைச் சுவரில் எழுதி வையுங்கள். விரல் துண்டானால் காயத்தைச் சுத்தத் துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து 108-ஐக் கூப்பிடுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல்மேல் நேராக ஐஸ் படக் கூடாது, திசு செத்துவிடும்.

நைஃப் மாட்டியதும் முதலில் பிளேடைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிறகு மரமில்லாமல் ஒரு நிமிடம் ஓட்டி, அதன்பின் நன்றாகக் காய்ந்த நேர்பலகை ஒன்றை அறுங்கள். அதிலும் கருகினால் வெர்னியர் அளவுகளை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.