சிம்ஃபோகியர் அனிமே பார்த்தவர்கள் கொஞ்சம் உதவுங்களேன்

வணக்கம் நண்பர்களே. 2021-இல் வந்த ‘டாக்ட் ஓப். டெஸ்டினி’ அனிமேயின் 12 எபிசோடும் பார்த்து முடித்துவிட்டேன். இசை கேட்டாலே டி2 அரக்கர்கள் பாய்ந்து வரும் அமெரிக்கா. பியானோவே கதி என்று கிடக்கும் டாக்ட், பீத்தோவனின் 5ஆவது சிம்பனியின் சக்தி கொண்ட டெஸ்டினி. அரக்கர்களோடு நடக்கும் சண்டையைவிட இவர்கள் இருவரும் போட்டுக்கொள்ளும் சண்டைதான் எனக்குப் பிடித்தது. அதே ருசியில் இன்னொரு தொடர் வேண்டும்.

சிம்ஃபோகியர் கண்ணில் பட்டது. பாடினால்தான் கவசத்துக்குச் சக்தி, நாயகிகளில் ஒருத்தியான சுபாசாவுக்குக் குரல் பாடகி நானா மிசுகி, எல்லாம் சரி. ஆனால் 2012 முதல் 2019 வரை ஐந்து சீசனாச்சே! ஹிபிகி, சுபாசா, கிறிஸ் மூவரின் உறவு முதல் சீசனிலேயே அழுத்தமாக வருகிறதா, இல்லை பொறுமையாகக் காத்திருக்க வேண்டுமா? அப்புறம், முதல் சீசனோடு நிறுத்தினால் கதை முடிந்த மாதிரி இருக்குமா? கிளைமாக்ஸை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.