ஹால் டிவிக்கு ஸ்டுடியோ மானிட்டர் போடலாமா?

கேள்வி:
ரெக்கார்டிங்குக்கு வாங்கின யமஹா எச்எஸ்5 ஸ்டுடியோ மானிட்டர் (ஸ்டுடியோல கேக்குற ஸ்பீக்கர்) ஜோடி இப்ப சும்மாதான் இருக்கு, ஹால்ல 43 இன்ச் டிவி, அதோட ஸ்பீக்கர்ல வசனமே புரிய மாட்டேங்குது, அம்மாவுக்கு காது வேற கொஞ்சம் மந்தம். சவுண்ட்பார் வாங்காம இதையே மாட்டிக்கலாமா? சோஃபா 9 அடி தள்ளி இருக்கு, டிவில ஆப்டிகல் அவுட் (சவுண்ட ஒளியா அனுப்புற டிஜிட்டல் சாக்கெட்) இருக்கு.

பதில்:
தாராளமா போடுங்க, நான் ரெண்டு வருஷமா 5 இன்ச் மானிட்டர்லதான் பாக்குறேன், பேச்சு அவ்ளோ தெளிவு. நடுவுல ஒரு சின்ன டிஏசி (டிஜிட்டல் சவுண்ட ஸ்பீக்கருக்கு ஏத்த அனலாக் சிக்னலா மாத்துற பெட்டி) வேணும். டிவி செட்டிங்ல ஆடியோவ பிசிஎம்னு (சுருக்காத சாதா டிஜிட்டல் சவுண்ட்) மாத்திடுங்க, டால்பில (சுருக்கி அனுப்புற சவுண்ட்) விட்டா சாதாரண டிஏசில பாட்டும் வராது பேச்சும் வராது. ஆப்டிகல்ல நெறைய டிவில ரிமோட் வால்யூம் வேலை செய்யாது, அதனால ரிமோட்டோட வர்ற டிஏசியா பாருங்க, இல்லன்னா அம்மா ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போய் திருகணும், பாவம்.

பதில்:
ஹெட்போன் ஜாக்லேர்ந்து மட்டும் எடுக்காதீங்க. நான் எடுத்தப்ப செட்டாப் பாக்ஸ் கேபிள் வழியா கிரவுண்ட் லூப் (எர்த் இணைப்பு ரெண்டு வழியா சுத்திக்கிறது) ஆகி ஒரே ‘ம்ம்ம்’னு இரைச்சல், ஆப்டிகல்ல ஒளிதான் போகுது, கரண்ட் தொடர்பே இல்ல, மாத்துனதும் நின்னுடுச்சு. சுவத்த ஒட்டி வச்சா பேஸ் குமுறும், எச்எஸ்5 பின்னாடி ரூம் கன்ட்ரோல் சுவிட்ச் இருக்கும், 500 ஹெர்ட்ஸுக்கு கீழ 2 இல்ல 4 டெசிபல் குறைக்கும், போட்டுப் பாருங்க.

பதில்:
ஓரமா உக்காந்தா குரல் பக்கத்து ஸ்பீக்கர்லேர்ந்து வர்ற மாதிரி இருக்கும், அம்மாவ நடுவுல உக்கார வைங்க. ட்வீட்டர் (மேல இருக்குற சின்ன ஸ்பீக்கர்) அவங்க காது உயரத்துக்கு வரணும்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, ரிமோட் டிஏசியே தேடுறேன். ஸ்டாண்டும் வாங்கிடுறேன்.