மொட்டை மாடிக்குக் கீழே வீடு, மே மாதம், என்னதான் செய்வது?

மாடிவீட்டுக்காரி:
பத்து வருடமாகக் கோடையை ஆபீஸ் ஏசியிலேயே கழித்தவள் நான். இந்த வருடம் வீட்டிலிருந்து வேலை. வேளச்சேரியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு, மதியம் 2 மணிக்குச் சுவரில் கை வைக்க முடியவில்லை, பிள்ளைகள் இரண்டும் ஏசி அறையில் போனோடு கிடக்கிறார்கள். அக்னி நட்சத்திரம் முடிய மே 28 ஆகும். சின்ன வயதில் மதுரையில் அம்மாச்சி வீட்டிலும் இதே வெயில்தான், ஆனால் லீவு முடியக்கூடாதே என்றுதான் இருக்கும். நீங்கள் வீட்டில் எதை ரசிக்கிறீர்கள்? ஊட்டிக்குப் போ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பழையசோறு:
ஒரு மண்பானை வாங்குங்க. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் ஊற்றி வைத்து அதைக் கொட்டிவிட்டு, அப்புறம் குடிக்க ஊற்றுங்க, கொஞ்சம் வெட்டிவேர் போடுங்க. வெளிப்பக்கம் சோப்புப் போட்டுத் தேய்க்காதீங்க, பானை வேர்த்தால்தான் தண்ணீர் குளிரும். ஒன்று சொல்லிவிடுகிறேன், மதுரை அளவுக்கு சென்னையில் குளிராது, கடற்காற்றில் ஈரம் அதிகம். ஆனாலும் ஃபிரிட்ஜ் தண்ணீர் மாதிரி பல் கூசாது.

காக்காவுக்கு எதிரி:
வத்தல் போடுங்க! ஜவ்வரிசியை ராத்திரியே ஊறவைத்து, காலையில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை காய்ச்சி, பச்சை மிளகாய் அரைத்துப் போட்டு, ஆறியதும் எலுமிச்சை பிழிந்து, வெயில் ஏறும் முன்னே பழைய வேட்டியில் ஊற்றிவிட வேண்டும். உப்பு கொஞ்சம் குறைவாகவே இருக்கட்டும், கூழில் சரியாக இருந்தால் காய்ந்த பிறகு கரிக்கும். சாயங்காலம் பாதி காய்ந்து மெத்தென்று இருக்கும் பாருங்க, பொரித்த வத்தலைவிட அதுதான் ருசி. எங்கள் வீட்டில் பாதி அப்படியே காலி.

நுங்குப் பைத்தியம்:
நுங்கை யாருமே சொல்லவில்லையா! வெட்டச் சொல்லி, கட்டைவிரலால் நோண்டிச் சாப்பிட வேண்டும், தோலை உரித்துக் கிண்ணத்தில் போட்டு ஸ்பூனால் சாப்பிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அழுத்திப் பார்த்து, முற்றிக் கடுக்காயாக இருந்தால் வாங்காதீங்க, வயிறு வலிக்கும். மிச்சக் கூந்தலில், அதாவது நுங்கு எடுத்த வெறும் காயில், இரண்டைக் குச்சியால் கோத்து, கவைக்கம்பு வைத்துத் தள்ளினால் வண்டி. போனைக் கீழே வைக்க இதைவிட வழி எனக்குத் தெரியாது.

எட்டாம் நம்பர் வீடு:
பொழுது சாய்ந்ததும் மாடியில் நாலு வாளி தண்ணீர் ஊற்றினால் ராத்திரி பாய் போட்டுப் படுக்கலாம்.

பழையசோறு:
லாரிக்குக் காத்திருக்கிற ஊரில் நாலு வாளியா? துணி அலசின தண்ணீரை ஊற்றுங்க சார். வெயில் இருக்கும்போதே ஊற்றினால் ஆவிதான் அடிக்கும்.

மாடிவீட்டுக்காரி:
பானை வந்தாச்சு. முதல் நாளே சின்னவன் சொம்பை உள்ளே போட்டுவிட்டான். நேற்று மாடியில் படுத்தோம், 11 மணிக்கு மேல் நல்ல காற்று, கொசு தனிக்கதை. பெரியவள் தூங்கவே இல்லை, அம்மாச்சி வீட்டுக் கதையைத் தோண்டித் தோண்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வத்தல். காக்காவுக்கு என்ன செய்வது?

காக்காவுக்கு எதிரி:
பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைங்க. காக்கா வராது. பிள்ளைகளுக்கு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.